64 பக்கத் தமிழ்க் காலாண்டிதழ்: எழுத்துரு, பத்தி அமைப்பு, வரைபடம் – பிளேட் (அச்சுத் தகடு) போடும் முன் என்னென்ன பார்க்கணும்?

அல்சூர்வாசி

பெங்களூரிலிருந்து வரப்போகும் காலாண்டிதழ். ஏ4, 64 உள்பக்கம், அட்டை தனி. உள்ளே 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ (பூச்சில்லாத அச்சுத் தாள்), சென்டர் பின் (நடுவில் மடிச்சுப் பின் குத்துவது). 16 பக்கம் மட்டும் கலர், மீதி கறுப்பு. இன்டிசைன் (பக்க வடிவமைப்பு மென்பொருள்) இருக்கு.

கட்டுரைகள் மூணு விதமா வருது: வேர்டில் யூனிகோடு, வேர்டில் பாமினி (யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு முறை), பழைய பேஜ்மேக்கர் கோப்பு. நகரத்துத் தமிழர் குடியிருப்புகள் பற்றிய கட்டுரைக்கு ஒரு வரைபடம் வேணும், ஸ்ரீராமபுரத்திலிருந்து அல்சூர் வரை.

கேள்விகள்: எந்த எழுத்துரு? ரெண்டு பத்தியா மூணு பத்தியா? வரைபடத்துக்கு கூகுள் மேப் ஸ்கிரீன்ஷாட் போதுமா? இப்போ போட்டுப் பார்த்த சோதனைப் பக்கத்தில் ‘கொ’, ‘கே’ எல்லாம் உடைஞ்சு, புள்ளிவட்டம் வருது. அது எழுத்துருக் கோளாறா?

மெய்யெழுத்து

எழுத்துருக் கோளாறு இல்லை, கம்போசர் கோளாறு. இன்டிசைனில் பாராவின் எழுத்தையும் வரியையும் அமைக்கும் இயந்திரம் (கம்போசர்) இரண்டு வகை. சாதாரண பாராகிராஃப் கம்போசருக்கு இந்திய எழுத்துகளின் இயல்பு தெரியாது. யூனிகோடில் ‘கெ’ என்பது முதலில் க, அடுத்து ஒற்றைக்கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. கொம்பைக் காட்டும்போது முன்னால் தள்ளுவது கம்போசரின் வேலை. அதைச் செய்யத் தெரியாத கம்போசர் கொம்பைப் பின்னாலேயே விட்டுவிடும், புள்ளிவட்டமும் போடும்.

பாராகிராஃப் ஸ்டைலில் ஜஸ்டிஃபிகேஷன் பகுதிக்குப் போய், கம்போசர் என்ற இடத்தில் ‘அடோபி வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போசர்’ தேர்ந்தெடுங்கள். எந்தக் கோப்பும் திறக்காத நிலையில் இதை மாற்றினால் இனி திறக்கும் எல்லாப் புதுக் கோப்புக்கும் அதுவே இயல்பாகிவிடும். ஏற்கெனவே திறந்த கோப்பில் ஒவ்வொரு ஸ்டைலிலும் தனித்தனியாக மாற்ற வேண்டும். ஒரு பெட்டிச் செய்தியின் ஸ்டைல் மட்டும் விட்டுப்போய் உடைந்த எழுத்தோடு அச்சாவது வழக்கமாக நடப்பதுதான்.

வேர்டிலிருந்து பிளேஸ் செய்யும்போது வேர்டின் ஸ்டைல்கள் கூடவே வந்து கம்போசரைப் பழையபடி மாற்றிவிடும். இம்போர்ட் ஆப்ஷனைத் திறந்து ஸ்டைலை நீக்கிக் கொண்டுவாருங்கள்.

இரண்டாவது, மொழி. கேரக்டர் ஃபார்மட்டில் மொழி ‘தமிழ்’ என்று இருக்க வேண்டும். ஆங்கிலமாக இருந்தால் எழுத்து சரியாகத் தெரியும், ஆனால் சொல் உடைப்பு வேலை செய்யாது. தமிழுக்கான ஹன்ஸ்பெல் அகராதியும் சொல் உடைப்பு விதியும் இன்டிசைன் சிஎஸ்6 முதலே கூட வருகின்றன.

இல்லஸ்ட்ரேட்டரிலும் இதே கதைதான். பிரிஃபரன்ஸில் டைப் பகுதியில் ‘ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ்’ தட்டிவிட்டு, பாராகிராஃப் பலகத்தில் மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன் கம்போசரைத் தேர்ந்தெடுங்கள்.

பிழைதிருத்தி

பக்கத்தில் கொட்டுவதற்கு முன் உரையைக் கழுவணும். அதுதான் முதல் வேலை, எழுத்துரு எல்லாம் அப்புறம்.

பாமினி கோப்பு: என்ஹெச்எம் கன்வர்ட்டர் போன்ற ஒன்றில் மாற்றலாம். ஆனா பாமினி உட்கார்ந்திருப்பது ஆங்கில எழுத்துகளின் இடத்தில். கட்டுரைக்கு நடுவில் உண்மையான ஆங்கிலச் சொல் இருந்தா கன்வர்ட்டர் அதையும் தமிழாக்கி அர்த்தமில்லாத எழுத்துக் குவியலாகத் துப்பும். அதனால மாற்றும் முன்னாடியே வேர்டில் எழுத்துரு வாரியாகத் தேடி, பாமினி அல்லாத பகுதிகளைத் தனியா எடுத்து வெச்சுக்குங்க. பேஜ்மேக்கர் கோப்பிலிருந்து உரையை மட்டும் ஏற்றுமதி பண்ணி இதே வழியில் கொண்டுவரணும். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்த 7.0, அதுக்கு யூனிகோடு தெரியாது.

மாற்றி முடிச்சதும் தேட வேண்டியவை:

கால் எழுத்தின் மேல் புள்ளி. பாமினியில் ‘ர்’ அடிக்க, காலை அடித்து அதன் மேல் புள்ளி வைக்கும் பழக்கம் இருந்தது. பார்வைக்கு ர் மாதிரியே இருக்கும். சில கன்வர்ட்டர் அதைச் சரிபண்ணாது. ‘அவா்கள்’, ‘தமிழா்’ என்று வரும் இடம் எல்லாம் இதுதான். அச்சில் சில எழுத்துருவில் தெரியவே தெரியாது, சில எழுத்துருவில் புள்ளி தள்ளி விழும். கால்+புள்ளி ரெண்டையும் சேர்த்துத் தேடி, ‘ர்’ ஆக மாற்றுங்க. கால்+மேல்விலங்கு என்றால் அது ‘ரி’.

‘ௌ’ பிரச்சினை. கௌரவம் என்பதை க, ஒற்றைக்கொம்பு, ள என்று அடிச்சிருப்பாங்க. ஜிரெப் தேடலில் (விதி எழுதித் தேடும் வசதி) ‘ஒற்றைக்கொம்புக்குப் பின் ள, அந்த ள-வுக்குப் பின் உயிர்க்குறியோ புள்ளியோ இல்லை’ என்று விதி எழுதினா பெரும்பாலும் பிழை மட்டும் சிக்கும்: கெளரி, மெளனம், செளகரியம், வெளவால். ஒரேயடியா ‘எல்லாம் மாற்று’ அழுத்தாதீங்க. கதையில் பேச்சுவழக்கா ‘வெளக்கமாறு’ன்னு ஒருத்தர் எழுதியிருந்தா அது ‘வௌக்கமாறு’ ஆயிடும்.

ஸ்ரீ. இது ரெண்டு வழியில் அடிக்கப்படுது. ஸ வழி ஒண்ணு, 2005-இல் யூனிகோடு 4.1-இல் சேர்ந்த ஶ வழி இன்னொண்ணு. பார்வைக்கு ஒரே உரு. உங்க வரைபடத்திலும் கட்டுரையிலும் ஸ்ரீராமபுரம் வருதே, ஒண்ணைத் தேடினா இன்னொண்ணு கிடைக்காது. ஏதாவது ஒரு வழிக்கு முழுக்க மாத்திடுங்க. ஶ இல்லாத பழைய எழுத்துருவில் அந்த இடம் கட்டமா வரும்.

கண்ணுக்குத் தெரியாத ஜீரோ-விட்த் குறிகள். சில விசைப்பலகைகள் இதைக் கண்ட இடத்தில் விட்டுவைக்கும், சொல் நடுவில் வரி உடையும். எல்லாத்தையும் அழிச்சிடலாமான்னா, க்‌ஷ தனித்தனியா வரணும்னு ஒருத்தர் வேணும்னே போட்ட நான்-ஜாய்னரும் சேர்ந்து போயிடும். க்-கும் ஷ-வுக்கும் நடுவில் இருப்பதை மட்டும் விட்டுட்டு மீதியை அழிங்க.

அல்சூர்வாசி

கம்போசர் மாத்தினதும் எழுத்து சரியாயிடுச்சு. ‘அவா்கள்’ மட்டும் ஒரே கட்டுரையில் 41 இடம்!

இப்போ அடுத்த தலைவலி. மூணு பத்தியில் ரெண்டு பக்கமும் சமமா நிறுத்தினா வரிக்கு நடுவில் பெரிய பெரிய ஓட்டை. நீளச் சொல் வந்தாலே மேல் வரி பல்லிளிக்குது.

பத்திக்கணக்கு

கணக்குப் போட்டாலே தெரிந்துவிடும். ஏ4 அகலம் 210 மிமீ. உள்ளும் வெளியும் 15 மிமீ ஓரம் விட்டால் 180. மூன்று பத்தி, நடுவில் 5 மிமீ இடைவெளி என்றால் ஒரு பத்தி 56.7 மிமீ. 10.5 புள்ளி எழுத்து என்றால் 3.7 மிமீ, தமிழ் எழுத்தின் சராசரி அகலம் அதில் முக்கால் பங்கு என்று வைத்தால் 2.8 மிமீ. ஆக ஒரு வரிக்கு ஏறத்தாழ 20 எழுத்து. கட்டுரைத் தமிழில் ஆறு, ஏழு எழுத்துச் சொற்கள் சகஜம். அப்படியானால் வரிக்கு மூன்று சொல், இரண்டு இடைவெளி.

இப்போது ‘வெளியிடப்பட்டிருக்கின்றன’ வருகிறது. 14 எழுத்து, 39 மிமீ. வரியில் மீதி 30 மிமீ இருந்தால் உள்ளே நுழையாது, முழுதாகக் கீழே இறங்கும். அந்த 30 மிமீ வெற்றிடத்தையும் மேல் வரியில் இருக்கும் ஒரே ஒரு இடைவெளி தாங்க வேண்டும். ஓட்டை விழாமல் என்ன செய்யும்?

எனவே மூன்றில் ஒன்று: இரண்டு பத்தி ஆக்குங்கள் (6 மிமீ இடைவெளி விட்டால் ஒன்று 87 மிமீ, வரிக்கு 31 எழுத்து), அல்லது சொல்லை உடையுங்கள், அல்லது வலப்பக்கத்தைச் சீராக்காமல் விடுங்கள். நீண்ட கட்டுரைக்கு இரண்டு பத்தி + சொல் உடைப்பு. குறிப்புகள், செய்தித் துணுக்குகளுக்கு மூன்று பத்தி, இடப்பக்கம் மட்டும் சீர்.

ஜஸ்டிஃபிகேஷன் எண்களில் சொல் இடைவெளிக்கு (குறைந்தது, விரும்புவது, அதிகபட்சம், விழுக்காட்டில்) இன்டிசைன் தரும் இயல்பு 80, 100, 133. தமிழுக்கு 75, 95, 140 பொருந்தும். கிளிஃப் ஸ்கேலிங் (எழுத்தின் அகலத்தை நீட்டிச் சுருக்குவது) 98, 100, 102 வரை கண்ணுக்குத் தெரியாது. லெட்டர் ஸ்பேசிங்கை மூன்று கட்டத்திலும் பூஜ்யத்தில் விடுங்கள். அதைக் கூட்டினால் கொம்பும் காலும் தம் மெய்யைவிட்டு விலகி ‘கொ’ மூன்று துண்டாகத் தெரியும்.

வரி உயரம் 15 புள்ளி. ஆங்கிலத்துக்கு 10.5-க்கு 13 போதும். தமிழில் மேலே விலங்கும் சுழியும், கீழே உகரமும் ஊகாரமும் தொங்குவதால் 13-இல் மேல் வரி ‘மூ’வின் வால் கீழ் வரி ‘வி’யின் தலையை உரசும். மேல் ஓரம் 20, கீழ் ஓரம் 23 மிமீ வைத்தால் நடுவே 254 மிமீ, அதாவது சரியாக 720 புள்ளி. 15 வீதம் 48 வரி. பேஸ்லைன் கிரிடை (வரிகள் உட்காரும் சமதூரக் கோடுகள்) 15-இல் போட்டு எல்லாப் பத்தியையும் அதில் பூட்டிவிட்டால் காகிதத்தின் பின்பக்க வரியும் முன்பக்க வரியும் ஒன்றன்மேல் ஒன்று விழும். 70 ஜிஎஸ்எம்-இல் மறுபக்கம் லேசாகத் தெரியும் என்பதால் இது அழகுக்கு மட்டும் செய்வதல்ல.

இன்னொன்று. டெக்ஸ்ட் ஃபிரேமின் ‘ஃபர்ஸ்ட் பேஸ்லைன்’ இயல்பாக அசென்ட் (எழுத்துருவின் மேல் உயரம்) என்று இருக்கும். தமிழ் எழுத்துருக்கள் சிலவற்றில் அசென்ட் அளவு மிகப் பெரிது, முதல் வரி தானாகக் கீழே இறங்கிவிடும். பக்கத்து ஃபிரேமில் வேறு எழுத்துரு இருந்தால் இரண்டும் சேராது. அதை ‘லீடிங்’ (வரி உயரம்) என்று மாற்றுங்கள்.

மெய்யெழுத்து

சொல் உடைப்பில் ஒரு எச்சரிக்கை. புள்ளி வைத்த எழுத்து வரித் தொடக்கத்தில் வரக் கூடாது. வெளியிடப்-பட்டிருக்-கின்றன என்று உடையலாம், ‘வெளியிட-ப்பட்டி’ கூடாது. அகராதி இதைப் பெரும்பாலும் காப்பாற்றும். கடைசி மூன்று எழுத்துக்குள் உடைக்காதே, தொடர்ந்து இரண்டு வரிக்கு மேல் உடைக்காதே என்ற வரம்பையும் வையுங்கள். இல்லையென்றால் ஒரு வரி முழுக்க ‘து’ மட்டும் தனியாக நிற்கும்.

பிழைதிருத்தி

எனக்கு அந்த இணைப்புக்கோடே பிடிக்காது. தமிழ் நாளிதழ்கள் பலவும் கோடு போடாமத்தான் சொல்லை உடைக்குது, வாசகர் யாரும் தடுமாறலை. இன்டிசைனில் டிஸ்கிரிஷனரி லைன் பிரேக்னு ஒரு குறி இருக்கு. போட்ட இடத்தில் தேவைப்பட்டா உடையும், கோடு வராது.

பத்திக்கணக்கு

நாளிதழ் ஒரு நாளில் பழசு. காலாண்டிதழ் பிடிஎஃப் ஆக இணையத்திலும் நிற்கும். அந்தக் குறியைச் சொல்லுக்குள் தூவினால் பிறகு தேடும்போது அந்தச் சொல் கிடைக்காது. நீங்களே மேலே ஜீரோ-விட்த் குறிகளை அழிக்கச் சொன்னீர்கள்! தலைப்பிலும் மேற்கோள் பெட்டியிலும் கையால் ஓரிரண்டு போடலாம். உடலுரைக்கு அகராதி உடைப்பும் கோடும்தான்.

பிழைதிருத்தி

தேடல் விஷயம் சரி. கோடு விஷயத்தில் ஒத்துக்கலை. விடுங்க, எழுத்துருவுக்கு வருவோம்.

கோட்டோவியன்

எழுத்துருவில் முதல் கேள்வி அழகில்லை, ‘எத்தனை எடை (கோட்டின் தடிப்பு) இருக்கு?’ என்பது. இதழுக்கு உடலுரை, உடலுரைக்குள் அழுத்தம், துணைத்தலைப்பு, படக்குறிப்பு, வரைபடம் எல்லாத்துக்கும் வேணும்.

உடலுரைக்கு நோட்டோ செரிஃப் தமிழ் அல்லது டிரோ தமிழ். டிரோவில் ரெகுலரும் இட்டாலிக்கும்தான் உண்டு, போல்டு கிடையாது. இலக்கியக் கட்டுரைக்குப் பொருத்தம், ஆனா துணைத்தலைப்புக்கு வேற குடும்பம் சேர்க்கணும். படக்குறிப்பு, அட்டவணைக்கு மும்பை எக் டைப்பின் முக்த மலர் அல்லது அனெக் தமிழ். அனெக்கின் விசேஷம் அகலம்: வேரியபிள் எழுத்துரு (ஒரே கோப்பில் எடையும் அகலமும் மாறுவது), எடை 100 முதல் 800, அகலம் 75 முதல் 125. 75 அகலத்தில் வரைபடப் பெயர் எழுதினா இடம் மிச்சம். இன்னும் கேடமரன், ஹிந்த் மதுரை, பவனம் இருக்கு. எல்லாமே ஓப்பன் ஃபான்ட் உரிமம், அச்சுக்குக் காசு கட்ட வேண்டாம்.

வேரியபிள் கோப்பை நேரா பிரஸ்ஸுக்குப் போற கோப்பில் பயன்படுத்தாதீங்க. அதே குடும்பத்தின் தனித்தனி நிலைக்கோப்புகளைப் போடுங்க. பழைய ரிப் இயந்திரம் (கோப்பை பிளேட்டுக்கான புள்ளிகளா மாத்துவது) எடையைத் தப்பாப் படிச்சா முழுப் பக்கமும் மெலிஞ்சு வரும்.

போல்டு எச்சரிக்கை: மேப்லித்தோ மையை உறிஞ்சிப் பரப்பும். 9, 10 புள்ளி போல்டில் ‘ஞ’, ‘ண’, ‘இ’ உள்கண் அடைஞ்சிடும். செமிபோல்டோ மீடியமோ போதும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்துன்னா நேர் எதிர். மெல்லிய கோட்டை மை தின்னும், அதனால ஒரு எடை கூட்டி, 9-க்குக் கீழே போகாதீங்க.

வேர்டில் யாராவது தமிழைச் சாய்ச்சிருந்தா இன்டிசைன் ‘லதா இட்டாலிக்’ இல்லைன்னு ரோஸ் கலரில் காட்டும். அப்படி ஒரு எழுத்துருவே கிடையாது, வேர்டு தானே சாய்ச்ச பொய்ச்சாய்வு. கேரக்டர் ஸ்டைல் ஒண்ணு பண்ணி, சாய்வை எல்லாம் மீடியம் எடைக்கு மாத்துங்க.

தமிழுக்கு நடுவில் வரும் எண்ணும் ஆங்கிலமும் தனியாப் பெரிசாத் தெரியும். ஜப்பானியப் பதிப்பில் இருக்கும் காம்போசிட் ஃபான்ட் வசதி நமக்கு இல்லை. பாராகிராஃப் ஸ்டைலுக்குள் ஜிரெப் ஸ்டைல் போட்டு, ஆங்கில எழுத்தும் எண்ணும் வரும் இடத்துக்கு மட்டும் 92, 95 விழுக்காடு அளவு கொடுங்க. ஒரு முறை போட்டா 64 பக்கமும் தானா மாறும்.

கட்டற்றவன்

இன்டிசைன் சந்தா கட்ட முடியாதவங்களுக்காக ஒரு வார்த்தை. ஸ்க்ரைபஸ் 1.6 (ஜனவரி 2024) தமிழைச் சரியாக் கோர்க்குது. பழைய 1.4 கோர்க்காது, இணையத்தில் ‘ஸ்க்ரைபஸில் தமிழ் வராது’ன்னு கிடக்கும் பதிவெல்லாம் அந்தக் காலத்தது. சிஎம்ஒய்கே (நாலு மை நிறமுறை), பிடிஎஃப்/எக்ஸ்-4 (அச்சகத்துக்கான பிடிஎஃப் வகை) எல்லாம் உண்டு. குறை என்னன்னா அது வரி வரியாத்தான் யோசிக்கும். இன்டிசைன் மாதிரி முழுப் பாராவையும் பார்த்து இடைவெளியைப் பகிர்ந்து கொடுக்காது. அதனால மூணு பத்தி அமைப்பில் ஓட்டை இன்னும் கூடும். அஃபினிட்டி பப்ளிஷர் 2-இல் தமிழ் உடையும், அந்தப் பக்கம் போகாதீங்க.

நிலவரைவி

வரைபடத்துக்கு வருகிறேன். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம். 1920 பிக்சல் அகலப் படம் 300 டிபிஐ-இல் 163 மிமீ வரும், எனவே படத்துக்கு அது போதும் என்று தோன்றும். ஆனால் அதிலுள்ள எழுத்தும் பிக்சல்தான். சிறு எழுத்துக்கு 300 போதாது, ஓரம் மழுங்கும். அதோடு பெயர்களைத் தமிழில் மாற்ற முடியாது, அனுமதி விதிகளும் தனி.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் (தன்னார்வலர்கள் உருவாக்கும் திறந்த வரைபடம்) தரவு எடுத்து கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் வரையுங்கள். உரிமம் ஓடிபிஎல். வரைபடத்தின் ஓரத்தில் ‘© ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்’ என்று 5 புள்ளியிலாவது இருக்க வேண்டும்.

முதலில் அளவு. வரைபடம் பக்கத்தில் எவ்வளவு இடம் பிடிக்குமோ அதே அளவில்தான் வரைய வேண்டும். மூன்று பத்தி அமைப்பில் இரண்டு பத்தி அகலம் 56.7 + 5 + 56.7, அதாவது 118 மிமீ. 1:1,00,000 அளவில் 118 மிமீ என்றால் 11.8 கிமீ. ஸ்ரீராமபுரம், மெஜஸ்டிக், சிவாஜி நகர், பிரேசர் டவுன், அல்சூர் எல்லாம் உள்ளே அடங்கி ஓரத்தில் மூச்சுவிட இடமும் கிடைக்கும். இந்த அளவில் 1 மிமீ என்பது 100 மீட்டர். குடியிருப்புச் சந்து எல்லாவற்றையும் இழுத்தால் சிலந்தி வலை. தரவின் ‘ஹைவே’ (சாலை) வகையில் டிரங்க், பிரைமரி, செகண்டரி ஆகிய பெரிய சாலைகளை மட்டும் எடுங்கள். ஏரி, ரயில், மெட்ரோ. அவ்வளவுதான்.

புரொஜெக்ஷன் (உருண்டைப் பூமியைத் தட்டைத் தாளில் காட்டும் முறை): பெங்களூருக்கு யுடிஎம் 43 வடக்கு, இபிஎஸ்ஜி 32643. சென்னை 44-ஆம் மண்டலத்தில் விழும் என்பதால் சென்னை வரைபடத்தின் அமைப்பை அப்படியே நகலெடுக்காதீர்கள். அட்சம், தீர்க்கம் அப்படியே உள்ள இபிஎஸ்ஜி 4326-இல் வரைந்தால் ஊர் கிழக்கு மேற்காகச் சற்று நீண்டு தெரியும், ஸ்கேல் பட்டையும் பொய் சொல்லும்.

குவிக்ஓஎஸ்எம் செருகியில் தரவு இறக்கினால் ஒவ்வொரு டேகும் (விவரக் குறி) அட்டவணையில் தனிப் பத்தியாக வரும். அதில் ‘நேம்:டிஏ’ என்பது தமிழ்ப் பெயர். லேபிளுக்கு கோயலெஸ் என்ற செயற்கூறில் முதலில் நேம்:டிஏ, அது காலியென்றால் நேம் என்று கொடுங்கள். காலியான இடங்களில் ஆங்கிலம் வரும், அவற்றைக் கையால் எழுதுங்கள். தமிழ்ப் பெயர்கள் தன்னார்வலர்கள் இட்டவை, ஒரே சாலைக்கு இரண்டு எழுத்துக்கூட்டல் இருக்கும்.

பெயர்க் கொள்கையை முன்பே முடிவு செய்யுங்கள். 2014 நவம்பர் 1 முதல் அரசுப் பெயர் பெங்களூரு, மைசூரு. மெட்ரோ ஊதாத் தட நிலையத்தின் பலகை ஹலசூரு என்கிறது, உங்கள் வாசகர் அல்சூர் என்கிறார். குடியிருப்புக்கு அல்சூர், நிலையத்துக்கு ஹலசூரு என்று வைத்தால் குழப்பம் இல்லை. ஏரிக்கரையில் 2009 ஆகஸ்ட் 9-இல் திறந்த திருவள்ளுவர் சிலையை ஒரு புள்ளியாகக் காட்டுங்கள். வாசகர் தன் திசையைப் பிடித்துக்கொள்ள வடக்கு அம்பைவிட அது உதவும்.

லேபிள்: குடியிருப்பு 8.5 புள்ளி செமிபோல்டு, சாலை 6.5 குறுகிய அகலம். ஆங்கில வரைபடங்களில் நீர்ப்பெயரைச் சாய்த்து நீல நிறத்தில் போடுவார்கள். தமிழில் சாய்வு வேண்டாம், வெளிர்நீல எழுத்தும் வேண்டாம். வெளிர் நிறம் அச்சில் புள்ளிகளாகச் சிதறும், 6.5 புள்ளி எழுத்தின் கோடு அந்தப் புள்ளிகளில் பல்பல்லாகிவிடும். ஏரிக்கு 30 விழுக்காடு சயான் பூசி, பெயரை முழுக் கறுப்பில் மெல்லிய எடையில் எழுதுங்கள். வளைந்த சாலைமேல் வளைந்த பெயர் வைத்தால் பழைய கியூஜிஐஎஸ் பதிப்புகளில் உயிர்க்குறி கழன்று விழும். நேராக வையுங்கள், அல்லது அந்த ஒரு பெயரை இல்லஸ்ட்ரேட்டரில் எழுதுங்கள்.

ஏற்றுமதி: லேஅவுட்டிலிருந்து எஸ்விஜி அல்லது பிடிஎஃப். ‘எழுத்துகளைப் பாத் ஆக ஏற்றுமதி செய்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். எழுத்தாகவே அனுப்பினால் இல்லஸ்ட்ரேட்டர் திறக்கும்போது கம்போசர் மாறி மறுபடியும் புள்ளிவட்டம். எந்த லேயரிலும் பிளெண்ட் மோட், ஒளிபுகு நிழல் இருக்கக் கூடாது. ஒன்று இருந்தாலும் அந்தப் பகுதி பிக்சலாக மாறிவிடும். லேபிளைச் சுற்றிய வெள்ளை வளையம் முழு வெள்ளையாக இருக்கட்டும், 80 விழுக்காடு என்று வைக்காதீர்கள்.

அளவை எண்ணால் எழுதாதீர்கள். ‘1:1,00,000’ என்று அச்சடித்துவிட்டு, பக்கம் கட்டுபவர் 5 விழுக்காடு சுருக்கினால் அது பொய். 2 கிமீ பட்டை போதும், சுருங்கினாலும் கூடவே சுருங்கும்.

அல்சூர்வாசி

மூலையில் சின்னதா இந்திய வரைபடம் போட்டு பெங்களூரைக் காட்டலாம்னு ஆசிரியர் கேட்கிறார். 25 மிமீ அகலம். நேச்சுரல் எர்த் என்ற இலவச வரைபடத் தரவில் இருந்து எடுத்தேன்.

நிலவரைவி

நிறுத்துங்கள். நேச்சுரல் எர்த் இயல்புக் கோப்பு களத்தில் யார் கையில் எது இருக்கிறதோ அந்த எல்லையைக் காட்டுகிறது. இந்திய சர்வே துறை வெளியிடும் வரைபடத்துக்கு ஒத்துப்போகாத இந்திய வரைபடத்தைப் பதிப்பித்தால், 1961-ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத் திருத்தச் சட்டப்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 25 மிமீ ஆனாலும் வரைபடம் வரைபடம்தான். சர்வே துறையின் இணைய வாசலில் எல்லைக்கோட்டு வரைபடம் கிடைக்கிறது, அதன் மேல் வரையுங்கள். அந்தமானையும் லட்சத்தீவையும் இடமில்லை என்று வெட்டிவிடாதீர்கள்.

பழைய இதழ்க் கோப்பிலிருந்து எடுத்தால் மாநில எல்லைகளையும் பாருங்கள். 2014 தெலங்கானா, 2019 அக்டோபர் 31 ஜம்மு காஷ்மீர் – லடாக், 2020 ஜனவரி 26 தாத்ரா நகர் ஹவேலி – டாமன் டையூ இணைப்பு. உங்கள் தேவைக்கு மாநில எல்லையே வேண்டாம். இந்தியா, கர்நாடகம், ஒரு புள்ளி. அல்லது அந்தக் குட்டிப்படமே வேண்டாம். பெங்களூர் எங்கே இருக்கிறது என்று உங்கள் வாசகருக்குத் தெரியும்!

நாலாம்கலர்

பிரஸ் பக்கம் இருந்து. நிலவரைவி சொல்லாம விட்டது கறுப்பு. கியூஜிஐஎஸ் கொடுப்பது ஆர்ஜிபி (திரை நிறமுறை) கறுப்பு. அதை சிஎம்ஒய்கே-க்கு மாத்தினா நாலு மையும் கலந்த கறுப்பாயிடும். 6.5 புள்ளி எழுத்து மைக்கு ஒண்ணா நாலு பிளேட்டில் வந்து, ரிஜிஸ்டர் (பிளேட்டுகளின் பொருத்தம்) ஒரு மயிரிழை தள்ளினாலும் எழுத்தைச் சுத்தி சிவப்பு, நீல நிழல். இல்லஸ்ட்ரேட்டரில் சிஎம்ஒய்கே டாக்குமெண்ட்டாத் திறந்து, ஒரு எழுத்தைத் தேர்ந்து ‘செலக்ட் சேம் ஃபில்’ கொடுத்து, மொத்தத்தையும் கே 100-க்கு (கறுப்பு மை மட்டும்) மாத்துங்க, ஓவர்பிரிண்ட் (கீழ் நிறத்தை வெட்டாம அதன் மேலேயே அச்சிடுவது) போடுங்க. ஒரே மையில் வரும் கோடு 0.25 புள்ளி வரை தாங்கும். ஊதாத் தடம் மாதிரி ரெண்டு மை சேர்ந்த கோடு 1 புள்ளிக்குக் கீழே வேண்டாம்.

இப்ப பக்கக் கணக்கு. ஏ4-க்குத் தாள் 25×36 அங்குலம். பலர் 23×36 வாங்கிட்டு முழிப்பாங்க: 23 அங்குலம் 584 மிமீ, ரெண்டு ஏ4 உயரம் 594. நுழையாது. 23×36-இல் அடிக்கணும்னா இதழை 8.25×10.75 அங்குலத்துக்குச் சுருக்கணும், அப்போ 33×21.5 தாராளமா உட்காரும். பக்க அளவை முடிவு பண்ணும் முன்னாடியே பிரஸ்ஸில் தாள் என்னன்னு கேளுங்க. எல்லாப் பக்கமும் கட்டின பிறகு சுருக்கினா பேஸ்லைன் கிரிடு எல்லாம் வீண்.

25×36-இல் தாளின் ஒரு பக்கத்துக்கு 8 ஏ4, ரெண்டு பக்கமும் சேர்த்து 16 பக்க ஃபாரம் (ஒரே தாளில் அச்சாகி மடியும் பக்கத் தொகுப்பு). 64 பக்கம் நாலு ஃபாரம். எல்லாம் கலர்னா 32 பிளேட். ஒரு ஃபாரம் மட்டும் கலர்னா அதுக்கு 8, மீதி மூணு கறுப்பு ஃபாரத்துக்கு 6, மொத்தம் 14.

சென்டர் பின் என்பதால் ஃபாரம் ஒண்ணுக்குள் ஒண்ணு செருகி உட்காரும். வெளி ஃபாரத்தில் 1–8, 57–64. அடுத்தது 9–16, 49–56. மூணாவது 17–24, 41–48. உள் ஃபாரம் 25–40. தொடர்ச்சியா 16 கலர் பக்கம் வேணும்னா 25–40 மட்டும்தான். வரைபடக் கட்டுரை அதுக்குள்ள விழணும். பக்க வரிசையை ஆசிரியர் கடைசி நாளில் ரெண்டு பக்கம் நகர்த்தினா வரைபடம் கறுப்பு ஃபாரத்துக்குப் போய், பச்சைத் தடமும் ஊதாத் தடமும் ஒரே சாம்பல் ஆயிடும்.

தாள் தடிமன் 0.09 மிமீ வெச்சா 16 மடிப்புத் தாளுக்கு ஏறத்தாழ 1.4 மிமீ. நடுப்பக்கங்கள் அவ்வளவு வெளியே பிதுங்கி, வெட்டும்போது ஓரம் போகும். ப்ளீட் (வெட்டுக்கு வெளியே விடும் கூடுதல் பரப்பு) 3 மிமீ, எழுத்து ஓரத்திலிருந்து 8 மிமீ உள்ளே. பிடிஎஃப்/எக்ஸ்-4 வாங்குவாங்களான்னு பிரஸ்ஸைக் கேளுங்க, இல்லைன்னா எக்ஸ்-1ஏ. தமிழை அவுட்லைன் (எழுத்தில்லாத வெறும் வடிவம்) ஆக்கி அனுப்பச் சொன்னா உடலுரைக்கு மறுத்திடுங்க. எழுத்துரு உள்ளே பொதிஞ்சிருந்தாப் போதும். அவுட்லைன் ஆனா எழுத்து ஒரு சுற்று தடிக்கும், இணைய பிடிஎஃப்-இல் தேடலும் போச்சு.

அல்சூர்வாசி

ரெண்டு பத்தி, 48 வரி, 25×36. பிரஸ்ஸில் எக்ஸ்-4 வாங்கறாங்களாம். குட்டி இந்தியாவை எடுத்தாச்சு.

கடைசியா ஒண்ணு. வரைபடத்தை ரெண்டு பக்கமும் விரிச்சுப் போட்டா நல்லா இருக்கும்னு தோணுது. கலர் ஃபாரத்துக்குள்ள எந்த ஜோடி? 28–29 காலியா இருக்கு.

நாலாம்கலர்

28-உம் 29-உம் வேற வேற தாள் துண்டு. மடிப்பில் அரை மிமீ ஏறி இறங்கினாலே சாலை நடுவில் முறிஞ்சு தெரியும். ஒரே தாளில் விரியும் ஜோடி 32–33 மட்டும்தான். அங்கயும் பின் குத்தும் இடத்தில் பெயர் எதுவும் வராம, மடிப்புக்கு ரெண்டு பக்கமும் 5 மிமீ விடுங்க. உங்க வரைபடத்தில் நடுக்கோட்டுக்கிட்ட விழப்போவது சிவாஜி நகர் பக்கம். லேபிளை இடமா வலமான்னு இப்பவே நகர்த்திடுங்க.

நிலவரைவி

விரித்துப் போடுவதானால் 118 மிமீ கோப்பை இழுத்துப் பெரிதாக்காதீர்கள். 6.5 புள்ளி எழுத்து 20 புள்ளிக்கு மேல் ஊதும், சாலைகள் வாய்க்கால் ஆகும். ஓரம் போக 390 மிமீ அகலம் என்றால் 1:30,000 அளவில் 11.7 கிமீ, அதே பரப்பு. கியூஜிஐஎஸ் லேஅவுட்டில் தாள் அளவையும் ஸ்கேலையும் மாற்றி மறுபடி ஏற்றுமதி செய்யுங்கள். 1:30,000-இல் உயரம் 254 மிமீக்கு 7.6 கிமீதான் அடங்கும், வடக்கும் தெற்கும் கொஞ்சம் வெட்டுப்படும். இந்த அளவில் டெர்ஷியரி (அடுத்த நிலை) சாலைகளையும் சேர்க்கலாம், இடம் இருக்கிறது.